எந்தக் கவருக்கு?

முனைவர் பட்டம் முடித்து ஆய்வாளராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. கருத்தரங்கில் என் தேற்றத்தின் நிறுவலை எழுதி முடித்து சாக்பீஸைக் கீழே வைத்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த ஆய்வாளர் கேட்டார்: "டிசென்ட் என்கிறீர்களே, எந்தக் கவர்களுக்கு?" எல்லாக் கவர்களுக்கும்தான் என்றேன். "சரி, ஹைப்பர்கவர்களுக்கு?" என்னிடம் பதில் இல்லை.

டிசென்ட் என்றால் என்ன என்று மாணவர்களுக்கு நான் ஒரு வட்டத்தை வைத்துத்தான் சொல்வேன். வட்டத்தை, ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரண்டு வில்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இப்படி முழுவதையும் மூடும் துண்டுகளின் கூட்டம்தான் கவர். ஒவ்வொரு வில்லின் மேலும் ஒரு சாதாரண நாடா. இரண்டு முனைகளிலும் அப்படியே ஒட்டினால் வளையம். ஒரு முனையில் மட்டும் திருப்பி ஒட்டினால் மோபியஸ் நாடா. துண்டுகள் இரண்டிலும் ஒன்றேதான், ஒட்டிய விதம்தான் வேறு. துண்டுகளும் ஒட்டும் விதமும் தெரிந்தால் முழுப்பொருளும் கைக்கு வந்துவிடும் என்பதே டிசென்ட். மூன்று துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒட்டுகள் ஒத்துப்போக வேண்டும். ஹையர் கேட்டகரி தியரியில் அப்படி ஒத்துப்போவது வெறும் சமன்பாடு அல்ல, ஒரு ஹோமோடாபி: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை. பாதைகள் வந்துவிட்டால், நான்கு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் அந்தப் பாதைகளும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஐந்து, ஆறு என்று நீண்டுகொண்டே போகும்.

இத்தனையையும் கையால் எழுதிக் காட்ட முடியாது. 1967இல் கணிதவியலாளர் குவில்லன் கொண்டுவந்த மாடல் ஸ்ட்ரக்சர் இங்கேதான் கைகொடுக்கிறது. எந்த மேப்களை (ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சார்புகளை) வீக் ஈக்விவலென்ஸாக, அதாவது இரு பக்கமும் ஒன்றே என்று சொல்பவையாக, எண்ணுவது என்று முதலிலேயே தீர்மானித்துவிடுகிறோம். ஜோயால் 1984இல் குரோத்தண்டீக்குக்கு எழுதிய கடிதத்தில் சிம்ப்ளீஷியல் ஷீஃப்களுக்கு (இடத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வடிவத்தைத் தந்து, அவை ஒட்டுமாறு அமைபவற்றுக்கு) அப்படி ஒன்றை அமைத்தார். 1987இல் ஜார்டின் அதை, ஒட்டும் நிபந்தனை இல்லாத ப்ரீஷீஃப்களுக்கு விரித்தார். அதில் ஃபைப்ரன்ட் பொருள் (அந்த ஸ்ட்ரக்சரில் நல்ல நடத்தை உள்ளது) என்றால் டிசென்ட் தானாகவே கிடைக்கும். நான் எதிர்த்திசையில் போயிருந்தேன். சாதாரணக் கவர்களுக்கான செக் டிசென்டை மட்டும் சரிபார்த்துவிட்டு, ஜார்டினின் ஸ்ட்ரக்சரில் இது போதும் என்று எழுதியிருந்தேன்.

போதாது. ஹைப்பர்கவரில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதிகளையும் மறுபடி சிறு துண்டுகளால் மூடலாம், ஒவ்வொரு படியிலும். ஜார்டினின் வீக் ஈக்விவலென்ஸ்கள் இந்த ஹைப்பர்கவர்கள் அத்தனையையும் கணக்கில் எடுத்தால்தான் கிடைக்கும் என்று டகர், ஹாலண்டர், ஐசக்சன் மூவரும் 2004இல் வெளியான கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரை என் மேசையிலேயே இருந்தது. முன்னுரையைத் தாண்டி நான் படித்திருக்கவில்லை.

ஏன் கண்ணில் படவில்லை என்று அன்றிரவு யோசித்தேன். நான் சோதித்த உதாரணங்கள் எல்லாம் வெக்டர் பண்டில் (ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வெக்டர் வெளி) போன்றவை. அவற்றில் ஹோமோடாபி ஒரு படிக்கு மேல் ஏறாது, அங்கே செக் டிசென்ட், ஹைப்பர்கவர் டிசென்ட் இரண்டும் ஒன்றுதான். பரிமாணம் முடிவுள்ள மேனிஃபோல்டுகளின் (அருகில் பார்த்தால் சாதாரண வெளி போல இருக்கும் இடங்களின்) மேலும் வித்தியாசம் தெரியாது. நான் பழகிய வடிவியல் முழுக்க அந்தப் பக்கம். வித்தியாசத்தைக் காண ஹில்பர்ட் கனசதுரம் போன்ற முடிவிலாப் பரிமாண இடத்துக்குப் போக வேண்டும். அங்கே செக் டிசென்ட் உள்ள ஒரு ஷீஃப், தன் ஹோமோடாபி ஷீஃப்கள் (ஒவ்வொரு படியின் ஹோமோடாபியையும் பதிவு செய்பவை) எல்லாம் வெறுமையாக, அதாவது ட்ரிவியலாக, இருந்தும், தான் வெறுமையாக இல்லாமல் இருக்கிறது. கணிதவியலாளர் லூரியின் 2009 நூலான 'ஹையர் டோபஸ் தியரி'யில் அந்த எதிர் உதாரணத்தை வரி வரியாகப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தவறு செய்த வருத்தம்கூட அப்போது பின்னுக்குப் போய்விட்டது.

அதுவரை மாடல் ஸ்ட்ரக்சரைக் கட்டடம் முடிந்ததும் பிரித்தெடுத்துவிடும் சாரமாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் எந்த மேப்களை வீக் ஈக்விவலென்ஸாக எடுக்கிறோம் என்பதிலேயே எந்த டிசென்ட் வேண்டும் என்ற முடிவும் அடங்கியிருக்கிறது.

கட்டுரையைத் திருத்த ஏழு வாரம் பிடித்தது. ஹோமோடாபி ஒரு முடிவுள்ள படியில் நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தேன். வெக்டர் பண்டில் பகுதி அப்படியே நின்றது. கடைசிப் பகுதியை எடுத்துவிட்டேன். இப்போது வகுப்பில் மோபியஸ் நாடாவுக்கு அடுத்த மணி நேரமே ஹில்பர்ட் கனசதுரத்தைக் கொண்டுவந்துவிடுகிறேன். பாதிப் பேருக்கு அன்று புரிவதில்லை. அடுத்த வாரம் ஒருவராவது அறைக்கு வந்து, அந்த வெறுமையில்லாத ஷீஃபை இன்னொரு முறை எழுதிக் காட்டச் சொல்கிறார்.