அந்த ரெண்டு கமா

"சார், இந்த ரெண்டு கமாவும் வேணுங்களா?" என்றுதான் அந்தப் பெண் கேட்டாள். என் டிராஃப்டில் சிவப்பு மையில் போட்டிருந்த திருத்தங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். "விச் வந்தா முன்னாடி கமா வரணும்மா. உன் கம்ப்யூட்டரே அடியில நீலக் கோடு போட்டுக் காட்டுது பாரு" என்றேன்.

"இல்லீங்க சார், கமா போட்டா எல்லா மூட்டையும் நனைஞ்சுபோச்சுன்னு ஆயிருமில்லீங்களா?"

"கமாங்கிறது மூச்சு விடற எடம். அது போய் மூட்டைய நனைக்குமா?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்தாளா, நான் சிரித்ததற்காகச் சும்மா உதட்டை இழுத்தாளா என்று இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. நாலு வருஷம் ஆகிறது.

புனே வியாபாரிக்குப் போன லோடு அது. ஆஷாடி ஏகாதசிக்கு அங்கே ஊரே விரதம், வீட்டுக்கு வீடு சாபுதானா கிச்சடி. ஏகாதசிக்கு முன்னால் ஜவ்வரிசி போய்ச் சேர்ந்தால்தான் விலை. 90 கிலோ மூட்டை 200. பெல்காம் தாண்டி மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய் கிழிசல், லாரி இரண்டு நாள் தாமதம். இறக்கும்போது எண்ணிப் பார்த்ததில் 27 மூட்டை நனைந்திருந்தது. அதை மாற்றித் தருகிறோம் என்று ஒரு கடிதம். அவ்வளவுதான் வேலை.

அவள் அடித்தது: "த பேக்ஸ் விச் காட் வெட் இன் டிரான்சிட் வில் பி ரீப்ளேஸ்ட்." நான் 'பேக்ஸ்' பக்கத்தில் ஒரு கமா, 'டிரான்சிட்' பக்கத்தில் ஒரு கமா வைத்தேன். கமா இல்லாதவரை, எந்த மூட்டை நனைந்ததோ அந்த மூட்டை. இரண்டு பக்கமும் கமா விழுந்தால் நடுவில் இருப்பது போகிறபோக்கில் சொல்லும் கூடுதல் தகவல் ஆகிவிடுகிறது: மூட்டைகளை மாற்றித் தருகிறோம், அவை நனைந்துவிட்டன. எல்லாமே. 27 என்ற எண்ணை அந்த வாக்கியத்தில் எழுதியிருந்தால் வம்பே இல்லை. லோடு விவரத்தில் இருக்கிறதே என்று விட்டோம். அதாவது, விட்டேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. 200 மூட்டையும் நனைந்தது என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டீர்கள், பணத்தை நிறுத்தி வைக்கிறோம் என்று.

முதலாளி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "யாரு அடிச்சது இத?"

"பாப்பாதாங்க அடிச்சுது" என்றேன்.

இது பொய் இல்லை. அடித்தது அவள்தான். கேட்ட கேள்விக்கு நேரான பதில். அவள் அடுத்த மேஜையில் ரேட் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. முதலாளியும் சத்தம் போடுகிற ஆள் அல்ல. "சந்தேகம் இருந்தா சார்கிட்ட கேட்டு அடிக்கணும்மா" என்றார். "சரிங்க" என்றாள்.

கேட்டுத்தான் அடித்தாள்.

பிறகு புரோக்கர் இந்தியில் போனில் ஒரு மணி நேரம் பேசி, மொத்தத் தொகையில் கொஞ்சம் தள்ளிக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இங்கேதான் என் மனசு எனக்குச் சாதகமாக ஓடுகிறது. ஏகாதசி முடிந்து விலை இறங்கிவிட்டது, அந்த ஆள் எப்படியும் ஏதாவது சாக்கு தேடியிருப்பான். கமா இல்லாவிட்டால் கல் இருக்கிறது, நிறம் மங்கல் என்றிருப்பான். ஜவ்வரிசி வியாபாரத்தில் இருபது வருஷம் பார்த்தவனுக்கு இது தெரியாதா? ஆனால் அவன் பிடித்துக்கொண்டது கல்லை அல்ல, நிறத்தை அல்ல.

அதற்கப்புறம்தான் கமாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 'விச்' என்றால் கமாவோடு, கமா வேண்டாத இடத்தில் 'தட்' என்று ஒரு வழக்கம். பிரிட்டிஷ் வழக்கத்தில் கமா இல்லாத 'விச்' தாராளமாக வரலாம். நீலக் கோடு அந்த அமெரிக்க வழக்கத்தைத்தான் சொன்னது. கமா போடு, அல்லது 'தட்' ஆக்கு என்று இரண்டு வழி காட்டியது. நான் ஒன்றைத்தான் பார்த்தேன். எது சரி என்பதை வாக்கியம் சொல்லாது, குடோன் கணக்குதான் சொல்லும். மூச்சு விடும் இடம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது உரக்க வாசிப்பதற்காக.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு பால் கம்பெனி வழக்கைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஓவர்டைம் கிடையாது என்ற வேலைகளின் பட்டியலில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று அப்போது இருந்தது, 'ஷிப்மென்ட்'டுக்குப் பின்னால் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பேக் செய்வதா? ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்ட டிரைவர்கள் பேக் செய்வதில்லை, விநியோகம்தான் செய்கிறார்கள். 2017இல் அப்பீல் கோர்ட் டிரைவர்கள் பக்கம் பேசியது, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம். சட்டம் எழுதுகிறவர்களே தடுக்கி விழுகிறார்கள், சேலம் செவ்வாய்பேட்டைக்காரன் எம்மாத்திரம்! ஆனால் அவர்கள் கமாவை விட்டதால் விழுந்தார்கள். நான் வேலை மெனக்கெட்டுப் போட்டு விழுந்தேன்.

தமிழில் என்றால் 'நனைந்த மூட்டைகளை மட்டும்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். 'மட்டும்' என்பது கண்ணுக்குத் தெரிகிற சொல். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்கமாட்டார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று. அந்தப் பரம்பரையில் வந்தவனிடம் எறும்பு அளவு குறி ஒன்றைக் கொடுத்து 18 டன் சரக்கைத் தூக்கு என்றால்? இதுவும் சாக்குதான் என்று தெரிகிறது. அவளும் அதே பரம்பரைதான், ஓமலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு நான் எதுவும் சொல்லித்தரவில்லை என்றும் இல்லை. 'லோடு கிளம்பிவிட்டது, பில் அனுப்புகிறோம்' என்று தமிழில் எழுதுகிற மாதிரி இரண்டு முழு வாக்கியங்களை ஆங்கிலத்திலும் வெறும் கமாவால் ஒட்டுவாள். அங்கே முற்றுப்புள்ளி வை, இல்லை 'அண்ட்' போடு என்று எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன், அதெல்லாம் சரியான திருத்தம். ஒருவேளை அதனால்தான் அன்றைக்கு அவள் மூன்றாவது தடவை கேட்கவில்லை.

இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றாள், அதுவும் உண்மைதான், பத்திரிகை வந்தது. ஆங்கிலப் பக்கத்தில் கமா எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

முதலாளி அன்றைக்கு அந்த ஃபைலையும் கேட்டார். பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போனது நான்தான். கடிதக் காப்பிக்குப் பின்னால் டிராஃப்ட் பின் குத்தி இருந்தது, சிவப்பு மையோடு. ஃபைல் அவர் மேஜைக்குப் போனபோது அதில் அது இல்லை.