சின்னப் பிள்ளைகளோடு செபமாலை

கைக்குழந்தையும் பள்ளிக்கூடப் பிள்ளையும் இருக்கிற வீட்டில் தினமும் செபமாலையின் 53 மணிக்கும் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்று தவிக்கிற அம்மாக்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பத்து மணி, அதாவது அந்தச் செபம் பத்து முறை சொன்னால் போதும். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. குக்கர் விசில் அடங்கியதும் பாயை விரித்து மெழுகுவர்த்தி ஏற்றினால், பெரியவள் முதல் பாதியைச் சொல்வாள், சின்னவன் மழலையிலேயே மற்ற பாதியைப் பிடித்துக்கொள்வான், நடுவில் தண்ணீர் கேட்பான், கொடுத்துவிட்டுத் தொடருவோம்.

பிள்ளைகளுக்கு மணியைவிடக் கதைதான் பிடிக்கிறது. செபமாலை சொல்லும்போது நினைத்துப் பார்க்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்வுகளைத்தான் மறையுண்மைகள் என்கிறோம், கிழமைக்குத் தகுந்தபடி அவை மாறும். வியாழக்கிழமை ஒளியின் மறையுண்மைகள், 2002ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை. அதில் கானாவூர் கல்யாணத்தில் திராட்சை ரசம் தீர்ந்துபோனதை, நம்ம தெருக் கல்யாணத்தில் பந்தி நடுவே பிரியாணி தீர்ந்தால் எப்படியிருக்கும் என்று சொன்னேன், இரண்டு பேரும் பதறிவிட்டார்கள்! மாதா அதைக் கவனித்து மகனிடம் சொன்னார் என்பது அவர்களுக்கு உடனே புரிந்தது.

எனக்கு நெருக்கமானது சனிக்கிழமைக் கதை. 12 வயது இயேசுவைக் காணாமல் மரியாவும் சூசையப்பரும் மூன்று நாள் தேடியது. பிள்ளை பெற்ற பிறகு அதை வாய்விட்டுச் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

அப்புறம், பிப்ரவரி 11 பெரம்பூர் லூர்து அன்னை திருவிழாவுக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், அந்தக் கூட்டத்துக்குள் நுழையும் முன்பே பிள்ளைகளின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டை வைத்துவிடுங்கள்.