கிணற்றடியிலிருந்து எலுமிச்சை வரை: 63 மி.மீ. பைப் லைன் போட்ட பதிவு

இடம் புளியங்குடிப் பக்கம். சரள் கலந்த செம்மண், 50 செண்ட் எலுமிச்சை. 42-க்கு 48 மீட்டர் தோட்டத்தில் 6 மீட்டர் இடைவெளி விட்டு 7 வரிசை, வரிசைக்கு 8 மரம், ஆக 56. கிணறு 72 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதே லைனில் எலுமிச்சைக்குச் சொட்டுநீரும், பக்கத்துக் காய்கறிப் பாத்திக்கு வாய்க்கால் தண்ணீரும், மாட்டுத் தொட்டிக்கு ஒரு சின்னக் கிளையும் வேண்டும்.

பைப் வாங்குமுன் மோட்டார் என்ன கொடுக்கிறது என்று அளந்தாக வேண்டும். மோட்டார்த் தகட்டில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க வரத்தும் குறையும். 200 லிட்டர் டிரம்மை டெலிவரி வாயில் வைத்து நேரம் பார்த்தால் போதும். 2 எச்.பி. மோட்டாரில் ஒரு நிமிடத்தில் நிறைந்தது, அதாவது மணிக்கு 12,000 லிட்டர். இதை 50 மி.மீ. பைப்பில் விட்டால் தண்ணீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும். 72 மீட்டர் தூரத்துக்குள் உராய்விலேயே சுமார் 6 மீட்டர் அழுத்தம் (அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் பலம்) போய்விடும். 63 மி.மீ. போட்டால் வேகம் ஒன்றேகால் மீட்டராக இறங்கும், இழப்பும் 2 மீட்டருக்குள் நிற்கும். அதனால் 63 என்று முடிவு.

அடுத்தது 4 கிலோ பைப்பா, 6 கிலோவா. இந்தக் கிலோ எடை அல்ல, பைப் தாங்கும் அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று. லைனில் 2 கிலோ அழுத்தம்தானே, 4 கிலோ பைப் தாராளம் என்று தோன்றும். ஆனால் நொடிக்கு ஒன்றேகால் மீட்டரில் ஓடுகிற தண்ணீரைப் பால் வால்வை (கால் திருப்பில் மூடும் வால்வு) சட்டென்று திருப்பி நிறுத்தினால், அந்த நொடியில் இன்னொரு 4 கிலோ மேலே எழும். இரண்டும் சேர்ந்து 6. மெல்லிய பைப்பில் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு அடியிலும் எல்போவின் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, பிறகு ஒரு நாள் பிளக்கும். 6 கிலோ பைப் எடுத்தாயிற்று. அதையும் நம்பி வால்வை வேகமாக மூடக் கூடாது, பத்து எண்ணி மூட வேண்டும்.

இனி ஃபிட்டிங்ஸ்: பைப்பைத் திருப்பும் எல்போ, கிளை பிரிக்கும் டீ, இரண்டு பைப்பைச் சேர்க்கும் கப்ளர். கசிவில் பெரும்பாதி பிறப்பது இங்கேதான். பழி மட்டும் ஒட்டும் பேஸ்டின் மேல் விழுகிறது.

விவசாயப் பைப்பின் அளவு என்பது வெளிவிட்டம், மில்லிமீட்டரில்: 20, 25, 32, 40, 50, 63. வீட்டுக்குப் போடும் வெள்ளை யு.பி.வி.சி. ஷெட்யூல் 40 பைப் இஞ்சுக் கணக்கில் வருவது. முக்கால் இஞ்சின் வெளிவிட்டம் 26.7 மி.மீ., ஒரு இஞ்சு 33.4, ஒன்றரை இஞ்சு 48.3, இரண்டு இஞ்சு 60.3. பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். "அண்ணாச்சி, முக்கால் இஞ்சு எல்போ நாலு" என்று கேட்டால், கடையில் எது கைக்கு எட்டுகிறதோ அது வரும். 25 மி.மீ. விவசாயப் பைப்பை 26.7-க்குச் செய்த எல்போவில் விட்டால் லொடலொடவென்று ஆடும். பேஸ்டை அப்பிவிட்டு நிறைந்துவிட்டது என்று நினைப்பார்கள். பி.வி.சி. பேஸ்ட் இடைவெளியை நிரப்பும் பசை அல்ல. இரண்டு பிளாஸ்டிக் பரப்பையும் இளக்கி ஒன்றோடொன்று கரைய வைப்பதுதான் அதன் வேலை. பரப்புகள் தொடாத இடத்தில் ஒட்டு இல்லை. பெரிய அளவில் கதை தலைகீழ்: அங்கே விவசாயப் பைப் பருமன், வீட்டுப் பைப் ஒல்லி. 63 பைப் இரண்டு இஞ்சு எல்போவுக்குள் நுழையாது. அரத்தால் தேய்த்து நுழைத்தவர்களும் உண்டு. தேய்த்த இடத்தில் சுவர் மெலிந்து, அது 4 கிலோ பைப்பாகக் கூட நிற்காது. சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. வேறு குடும்பம் (முக்கால் இஞ்சு 22.2 மி.மீ.தான்), அதன் பேஸ்டும் வேறு.

கடையிலேயே ஒரு சோதனை உண்டு. பைப்பின் ஒரு முழத் துண்டைக் கையோடு கொண்டுபோய், பேஸ்ட் இல்லாமல் ஃபிட்டிங்குக்குள் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குள் இறுகி நின்றால் சரியான ஜோடி. தங்குதடையில்லாமல் அடிவரை போனாலும், வாயிலேயே நின்றாலும் வேண்டாம்.

இரண்டு குடும்பத்தையும் சேர்த்தே ஆக வேண்டிய இடம் இந்த லைனில் ஒன்றுதான்: மாட்டுத் தொட்டிக் கிளை. தொட்டியில் பழைய முக்கால் இஞ்சு வீட்டுப் பைப் ஏற்கெனவே இருந்தது. அங்கே பேஸ்ட் உதவாது, மரைதான் வழி. இந்தப் பக்கம் 25 மி.மீ. எம்.டி.ஏ. (வெளிமரைத் துண்டு), அந்தப் பக்கம் பித்தளை மரை வைத்த எஃப்.டி.ஏ. (உள்மரைத் துண்டு), இரண்டிலும் முக்கால் இஞ்சு மரை. டெஃப்ளான் டேப் மரை இறுகும் திசையிலேயே ஐந்தாறு சுற்று. கையால் இறுக்கி, பைப் ரெஞ்சில் ஒரு சுற்று, அதிகம் போனால் ஒன்றரை. இரும்பு நிப்பிளை வெறும் பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.வுக்குள் முறுக்கக் கூடாது; அது ஆப்பு அடித்த மாதிரி வாயைப் பிளந்துவிடும்.

முதல் நாள் பள்ளம். ஆழம் ஒன்றரை முதல் இரண்டு அடி. அதற்குக் குறைந்தால் ரொட்டவேட்டர் தேடி வந்து வெட்டும். சரள் மண் என்பதால் அடியில் நான்கு விரல் கனத்துக்குச் சலித்த மண் போட்டது. கூர்கல் ஒன்று பைப்பின் அடியில் இருந்தால், மேலே மண்ணின் பாரமும் உள்ளே அழுத்தமும் சேர்ந்து அந்த ஒரே புள்ளியில் வெடிப்பு விழும்.

பைப் 6 மீட்டர் நீளம், 12 எண்ணம், ஒரு முனை சாக்கெட் ஆனது, அதாவது அடுத்த பைப் நுழையும்படி வாய் விரிந்தது. சாக்கெட் இல்லாத பைப்பை வாங்கி, ஓலைத் தீயில் வாட்டி, இன்னொரு பைப்பை ஏற்றி வாய் விரிக்கிற பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். விரிந்த வாய் மெலிந்துபோகும், வட்டம் கோணும், கருகிய பரப்பில் பேஸ்ட் சரியாகக் கரையாது.

இரண்டாம் நாள் ஒட்டு, விடியற்காலம் தொடங்கி எட்டு மணிக்குள். ஆடிக் காற்றில் பேஸ்ட் தடவிய கை எடுப்பதற்குள் மேலே ஆடை கட்டிவிடும். காற்றோடு வரும் புழுதியும் அதில் ஒட்டும். ஆடை கட்டிய பேஸ்டை உள்ளே தள்ளினால் ஒட்டியது மாதிரி இருக்கும், அழுத்தம் வந்ததும் வியர்க்கும். டப்பாவில் கெட்டிப்பட்டதைத் தின்னர் ஊற்றி இளக்குவதும் கூடாது.

ஒவ்வொரு ஒட்டுக்கும் முறை ஒன்றே. ஆக்சா பிளேடால் நேர்வெட்டு. கோணலாக வெட்டினால் ஒரு பக்கம் ஆழம் குறையும். உள்பிசிறை எடுத்து, வெளிவிளிம்பை அரத்தால் சரித்துவிட வேண்டும். சரிக்காத விளிம்பு பேஸ்டை எல்லாம் வழித்து உள்ளே தள்ளிவிடும். சாக்கெட்டின் ஆழத்தைப் பைப்பில் பென்சிலால் குறித்து, உலர்ந்த துணியால் துடைத்து, சாக்கெட்டின் உள்ளே மெல்லிசாக, பைப்பின் மேல் தாராளமாகத் தடவி, உடனே குறி மறையும்வரை தள்ளி, கால் திருகு, முப்பது எண்ணும்வரை பிடி. 63-க்கு இரண்டு ஆள் வேண்டும். பிடிக்காமல் விட்டால் சாக்கெட்டின் சரிவு பைப்பை அரை விரல்கடை வெளியே தள்ளிவிடும். வாயைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பேஸ்ட் பிதுங்கினால் சரி. அதைத் துடைத்துவிட வேண்டும்.

திருப்பங்கள் இரண்டிலும் எல்போவுக்குப் பதில் பெண்ட் (மெல்ல வளையும் துண்டு). மோட்டாரை அடுத்து ஒரு டீயும், அதிலிருந்து கிணற்றுக்கே திரும்பும் 40 மி.மீ. பைப்பாஸ் கிளையும். சொட்டுநீருக்கு மரத்துக்கு, மணிக்கு 8 லிட்டர் சொட்டும் டிரிப்பர் நான்கு, 56 மரத்துக்கு மணிக்கு 1,792 லிட்டர்தான் வேண்டும். மோட்டார் கொடுப்பதோ 12,000. மிச்சத்துக்கு வழி விடாவிட்டால் லைனில் அழுத்தம் ஏறி, சொட்டுநீர்க் குழாய்களை மாட்டும் டேக்ஆஃப்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும்.

கிணற்றுத் தண்ணீரில் பாசி உண்டு. அதனால் வலை ஃபில்டர் வேண்டாம் என்று 120 மெஷ் டிஸ்க் ஃபில்டர், முன்னும் பின்னும் அழுத்தம் காட்டும் ஒரு கேஜ். இரண்டு கேஜுக்கும் வித்தியாசம் அரைக் கிலோவைத் தாண்டினால் கழுவ வேண்டும். லைனின் மேட்டில் ஏர் வால்வு கட்டாயம். மோட்டார் நின்றதும் தண்ணீர் பின்வாங்கும்போது, காற்று நுழைய வேறு வழி இல்லையென்றால் டிரிப்பர் வழியாகச் சேற்றை உறிஞ்சும்.

மூன்றாம் நாள், கடைசி ஒட்டு போட்டு 24 மணி நேரம் கழித்துச் சோதனை. ஒட்டுகளை மூடாமல், பைப்பின் நடுப்பகுதியில் மட்டும் மண் போட்டிருந்தது. கடைசி முனையைத் திறந்து பத்து நிமிடம் கழுவி, பிறகு மெல்ல மூடி ஒரு மணி நேரம். ஒரு டீ வியர்த்தது. அறுத்துப் பார்த்ததில் அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பேஸ்டே படவில்லை. பள்ளத்துக்குள் வைத்தே தடவியதால் வந்தது. கசியும் ஒட்டின் மேல் பேஸ்ட் பூசுவது வீண், வெட்டி எடுப்பதே வழி. புதைத்த பைப்பில் புதுத் துண்டை நுழைக்க இடம் கிடைக்காது. இரண்டு பக்கமும் பத்து அடி மண்ணை அள்ளி, பைப்பை வில்லாகத் தூக்கி வளைத்தால்தான் டீயும் கப்ளரும் ஏறும்.

பள்ளத்தை மூடுவதும் காலையில்தான். வெயிலில் நீண்டு கிடக்கும் 72 மீட்டர் பைப் 20 டிகிரி குளிர்ந்தால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கும். மதியத்தில் மூடினால் இரவில் அந்த இழுப்பு முழுவதும் ஒட்டுகளின் மேல் விழும்.

மரவரிசையில் ஓடும் 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய், அதாவது லேட்டரல், இன்னும் மோசம். 48 மீட்டர் வரிசை, உச்சி வெயிலுக்கும் விடியலுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு சாண் சுருங்கும். விறைப்பாக இழுத்துக் கட்டாமல் பாம்பு நெளிவாக விட்டது. லேட்டரல்கள் பிரியும் சப்மெயின் பைப்பில் துளையெல்லாம் ஒரே நேர்கோட்டில், மேல்பக்கமாக; துளைத்த பிசிறு பைப்புக்குள்தான் விழும், ஆகவே லேட்டரல் மாட்டுவதற்கு முன் சப்மெயினை இன்னொரு தடவை கழுவ வேண்டும்.

கடைசியாக, ஒரு லிட்டர் பாத்திரம் வைத்து அளவு. முதல் வரிசை முதல் மரத்தின் டிரிப்பர் ஏழரை நிமிடத்தில் நிறைத்தது, கடைசி வரிசைக் கடைசி மரம் எட்டு நிமிடத்தில். இந்த வித்தியாசம் பரவாயில்லை. பாக்கி இருப்பது கிணற்றடியில் வெளியே தெரியும் பைப்புக்கு வெள்ளைப் பெயிண்ட். நேர்வெயில் படும் பி.வி.சி. இற்றுப்போகும் என்பதால் அது இந்த வாரமே.