அயிரையும் மணலும்

மெல்ல ஓடும் தெளிந்த ஓடையில் அடிமணலை உற்றுப் பாருங்கள். கடுகளவு கண்கள் இரண்டு மட்டும் துருத்தித் தெரியும். உடம்பு மணலுக்குள் இருக்கும். கை நிழல் பட்டால் கண்களும் உள்ளே போய்விடும். அதுதான் அயிரை. லெபிடோசெபாலிக்தீஸ் தெர்மாலிஸ் என்பது அறிவியல் பெயர். 1846-இல் இதை முதலில் விவரிக்க உதவிய மீன்கள் திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்தவை. வெப்பத்தைக் குறிக்கும் ‘தெர்மாலிஸ்’ வந்தது அதனால்தான்.

விரல் நீளம்கூட இராது. ஆனால் உடம்பில் மணலுக்கென்றே அமைந்தவை எத்தனை! உறுத்தாமலிருக்க விழிமேல் கண்ணாடிபோல் மெல்லிய தோல். கீழ்நோக்கிய வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை; இருட்டில் இரையைத் தொட்டு ருசி பார்ப்பது இவைதான். மணலை வாய் நிறைய அள்ளி, புழுவையும் மக்கலையும் சலித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே தள்ளிவிடும். குடலிலும் கொஞ்சம் மணல் தங்கும். குழம்பு நறநறப்பது அதனால்தான். சமைக்கும் முன் உயிரோடு பாலில் விட்டு மணலைக் கக்கவைப்பதும் அதற்காகத்தான்.

கண்ணுக்குக் கீழே இரட்டை முனையுள்ள முள் ஒன்று மடங்கியிருக்கும். பயந்தால் விரியும். கொசுவலைத் துணியில் பிடித்தால் சிக்கிக்கொள்ளும், இழுத்தால் கண்ணோரம் கிழியும். குவளையால் மொண்டு எடுங்கள்.

கொஞ்சத் தண்ணீரிலும் அயிரை தாக்குப்பிடிக்கும். மேலே வந்து காற்றை விழுங்கும். பின்குடல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் ஆசனவாய் வழியே குமிழாக வெளியேறும். கொண்டுபோகும் பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி மூடிவிட்டால், காற்றுக்கு இடமில்லாமல் செத்துவிடும். பாதி நிரப்பினால் போதும்.

தொட்டியில் வளர்ப்பதானால் இரண்டடித் தொட்டிக்கு ஐந்தாறு மீன், சலித்துக் கழுவிய ஆற்றுமணல் 4 செ.மீ. போதும். மணலைக் கூட்டினால் அடியில் காற்றுப் படாமல் கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும். எம்-சாண்ட் போடவே கூடாது. உடைத்த கல்லாதலால் ஓரமெல்லாம் கூர்; மீசை தேய்ந்து புண்ணாகி, இரை தேட முடியாமல் மீன் மெலிந்துபோகும். செதில் மிக நுண்ணியது, தோலுக்குள் புதைந்தது. அதனால் வெண்புள்ளி நோய்க்கு மருந்து விட்டால் வழக்கமான அளவில் பாதியில் தொடங்குங்கள்.

பெரிய மீனில் ஆணைக் கண்டறிய மார்புத் துடுப்பைப் பாருங்கள். உட்பக்கத்து ஏழாம், எட்டாம் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) ஒட்டித் தடித்திருக்கும். பெண் சற்றுப் பெரிது, வயிறு பருத்தது.

காற்றை விழுங்கிக் கோடையைக் கடக்கத் தெரிந்த இந்த மீனுக்கு, ஆற்றில் மனிதர் மணல் அள்ளுவதைச் சமாளிக்க மட்டும் வழி இல்லை. களியும் பாறையுமாகிவிட்ட படுகையில் தண்ணீர் ஓடினாலும், அயிரைக்குப் புதையவும் மேயவும் இடமில்லை.