படிச்சுக் காட்டு, போடுறேன்

கிராம சபைக்கு நான் முதன்முதலாகப் போனது 2022 அக்டோபர் 2 அன்று. வயது முப்பத்தெட்டு. அதுவரை காந்தி ஜெயந்தி எனக்கு விடுமுறை நாள், அவ்வளவுதான். எங்கள் தெருவில் கம்பத்து லைட் நாலு மாதமாக எரியவில்லை. அதைக் கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

பள்ளிக்கூட மரத்தடியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நுழையும் இடத்திலேயே கிளார்க் நோட்டை நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உக்காருங்க சார்." போட்டேன். பக்கத்தின் மேல்பாதி காலியாக இருந்தது கண்ணில் பட்டது. வருகைப் பதிவுதானே என்று விட்டுவிட்டேன். நூறு நாள் வேலைப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள், வரிசையில் நின்று கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள், வந்த வழியே திரும்பிப் போனார்கள். உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினேன்: ஊராட்சித் தலைவர், அவர் கணவர், வார்டு மெம்பர்கள், நான் எல்லாம் சேர்த்து 26 பேர். பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க, வந்த அரசு அலுவலர் தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்தார். நடுவில் ஒரு லாரி போனது; இரண்டு தீர்மானங்கள் அதோடு போயின. லைட்டைப் பற்றி நான் கேட்டதற்குத் தலைவரின் கணவர், "பார்த்துக்கலாம் தம்பி" என்றார். இருபத்தைந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 2,400. விதிப்படி 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், 100 பேர். அது எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்துகொண்ட பிறகு ஒரு வேகம் வந்தது. அந்த ஆண்டுதான் கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை என்று ஆனது. மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் புதிதாகச் சேர்ந்தன. நவம்பர் கூட்டத்துக்கு 300 நோட்டீஸ் அடித்தேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 1994 ஊராட்சிகள் சட்டம், மக்களே மன்னர்கள் என்றெல்லாம் எழுதி, கடைசி வரியில் மூன்று ஆச்சரியக்குறி வேறு. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நோட்டீஸ் அடித்துக் கொடுத்த நண்பர். என் அம்மாகூட வரவில்லை. "நீ எழுதினது நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு அங்க என்ன வேலைன்னுதான் புரியலை" என்றார்.

கோபத்தில் செய்த அடுத்த காரியம்தான் உருப்படியானது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டேன். வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பதிவுத் தபால். தெரிந்தவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது: ஏன், எதற்கு என்று கேட்காதே, நகல் கொடு என்று கேள். அக்டோபர் 2 தீர்மானங்களின் நகல், தெருவிளக்குச் செலவின் நகல், இரண்டையும் கேட்டேன். 30 நாளில் வர வேண்டிய பதில் வரவில்லை. முதல் மேல்முறையீட்டை எழுதி மடித்து வைத்திருந்த அன்று தபால்காரர் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது பக்கம்.

ஆறாம் பக்கத்தில் இருந்தது. தெருவிளக்குகள் 14 பழுது நீக்கிய செலவினம் கிராம சபையின் பார்வைக்கு வைக்கப்பட்டு ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தப் பதினாலில் ஐந்து எங்கள் தெருக் கம்பங்கள். கீழே 118 கையெழுத்து. பதினோராவது என்னுடையது.

இரண்டு நாள் அந்தக் காகிதத்தை யாரிடமும் காட்டவில்லை.

பிறகு ஆறாம் பக்கத்தை மட்டும் ஐம்பது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போனேன். ஐந்து சாயங்காலம் பிடித்தது. உரிமை, ஜனநாயகம் என்ற சொற்களை வாயில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். தாளைக் கொடுத்து, "இதுல உங்க பேர் இருக்கா பாருங்க" என்பேன். மீதியை அவர்களே பேசினார்கள். இருட்டில் வாசலில் நின்று, செல்போன் டார்ச் அடித்து, தெருவிளக்குக்குச் செலவு செய்ததாக எழுதியிருந்த தாளில் அவரவர் கையெழுத்தைத் தேடிய காட்சியை நான் மறக்கப்போவதில்லை. ஒரு அக்கா தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் வேறு யாரோ வைத்த கைநாட்டைப் பார்த்து, "இது எங்க மாமியாருது மாதிரி இருக்கே, அவங்க அன்னைக்கு ஊர்லயே இல்லையே" என்றார்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. "எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்று பத்து வீட்டிலாவது கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. நிற்காதவன் எதற்கு அலைகிறான் என்பது நியாயமான கேள்விதான். அதனால் ஒரு வாக்குக் கொடுத்தேன்: கூட்டத்தில் நான் வாயே திறக்க மாட்டேன், கேட்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். இது ஏதோ தந்திரம் போலத் தோன்றலாம். உண்மையில் எனக்கும் அது தேவைப்பட்டது. என் பேச்சுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை நவம்பரிலேயே பார்த்துவிட்டேனே.

பெண்களிடம் இருந்தது வேறு பயம். எதிர்த்துக் கேட்டால் நூறு நாள் வேலை கிடைக்காமல் போய்விடுமோ? வேலை கேட்டு எழுதிக் கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்கிவிட்டால் 15 நாளைக்குள் வேலை தர வேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும், சட்டத்திலேயே இருக்கிறது என்று விளக்கினேன். முனை வீட்டுப் பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டம் டவுனுல இருக்கு தம்பி, மேஸ்திரி ஊருக்குள்ள இருக்கான்" என்றார். எனக்குப் பதில் இல்லை. கடைசியில் வழி சொன்னதும் அவர்தான். "ஒருத்தி கேட்டாத்தான பேரு தெரியும். எல்லாரும் சேந்தே போவோம், சேந்தே கேப்போம். முப்பது பேரையும் நிறுத்திட்டு எவன வெச்சு ஏரி வெட்டுவான்?"

2023 ஜனவரி 26. தண்டோரா போடுவதை முந்தின ஆண்டே அரசு தடை செய்துவிட்டதால் ஒலிபெருக்கி ஆட்டோவில்தான் அறிவிப்பு. அந்த ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வரவில்லை. பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் காலையிலேயே வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். பத்தரை மணிக்குக் கூட்டம் நூறைத் தாண்டியது. நாற்காலி போதாமல் வகுப்பறை பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டார்கள்.

வழக்கம்போலக் கிளார்க் நோட்டை நீட்டினார். வரிசையில் முதலில் பெரியம்மா.

"என்ன எழுதியிருக்கு?"

"இன்னும் எழுதலைங்கம்மா."

"எழுதாத தாளுக்கு எதுக்குக் கைநாட்டு? எழுதி முடி, படிச்சுக் காட்டு, போடுறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களும் போடவில்லை. கிளார்க் பற்றாளரைப் பார்த்தார். பற்றாளர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நோட்டை மேசைக்கு வாங்கிக்கொண்டார். "வந்தவங்க பேரை மட்டும் தனித் தாள்ல எழுதுங்க. தீர்மானத்துக்குக் கையெழுத்து கடைசியில." இவ்வளவு எளிதாக அது நடக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

லைட் பேச்சு வந்ததும் தலைவரின் கணவர் எழுந்தார். எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் ஆனது, பேச்சு மட்டும் பல ஊரில் இன்னும் கணவர்கள் வசம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நாங்க ஓட்டுப் போட்டது அக்காவுக்கு. அக்கா சொல்லட்டும்." தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, மைக்கைத் தொடாமலே, "உங்க தெருவுல பல்பு மாத்தலை. பில்லு மொத்தமா போட்டுட்டாங்க" என்றார். கணவர் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடத்தில் தலைவரின் குரலை ஊர் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபமும் அதோடு போனது.

அப்புறம் எல்லாம் அழகாக நடந்ததா என்றால், இல்லை. ஒருவர் தன் வேலித் தகராறை எடுத்து அரைமணி நேரம் தின்றார். வெயில் ஏறியதும் சிலர் கிளம்பினார்கள். ஐந்து கம்பத்துக்கும் 15 நாளில் விளக்குப் போடுவது, அந்தச் செலவை மறு ஆய்வு செய்வது என்று தீர்மானம் எழுதி, ஒவ்வொரு வரியாக வாசித்து முடித்தபோது மணி ஒன்று. 109 கையெழுத்து. பெரியம்மா விரலில் மையைத் தடவிக்கொண்டு, "இப்ப சொல்லு, எந்த இடம்?" என்றார்.

விளக்கு எரிய மூன்று வாரம் ஆனது. மறு ஆய்வு என்ன ஆயிற்று என்று இன்னும் பதில் இல்லை. அடுத்த மனு தபாலில் இருக்கிறது. வார்டு மெம்பரான என் சித்தப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

மே 1 கூட்டத்துக்கு வந்தவர்கள் 61 பேர். ஏமாற்றமாக இருந்தது, மறைப்பானேன். முன்பென்றால் நோட்டு வீடு வீடாகப் போய் நூறைத் தொட்டிருக்கும். இந்த முறை பற்றாளர் வரம்பு சேரவில்லை என்று எழுதிக் கூட்டத்தை ஒத்திவைத்தார். திரும்பும் வழியில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"லைட்டுதான் எரியுதே" என்றார். பிறகு அவரே, தெருமுனைத் தண்ணீர் டேங்கைக் கையால் காட்டி, "அதைக் கழுவின தேதின்னு பெயிண்ட்ல எழுதியிருக்கு பாரு. அந்தத் தேதியில எவனும் ஏறலை. அதுக்கு எங்க நகல் கேக்கணும்?" என்று கேட்டார்.