அளவுகோலாக ஒரு சீரம்

கோவிட் தடுப்பூசி பெற்றவர்களின் எதிர்ப்பான் அளவை எலைசா முறையில் (எதிர்ப்பான் பிணைவதை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) அளக்கும் எங்கள் ஆய்வகத்துக்கென ஒரு மேற்கோள் சீரத்தை, அதாவது மற்ற மாதிரிகளை ஒப்பிட்டு அளக்க உதவும் மதிப்பு தெரிந்த சீரத்தை, உருவாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, டைட்டர் (எதிர்ப்பான் அளவைக் குறிக்கும் எண்) மிகுந்த பிளாஸ்மாக்களை ஒன்றாகக் கலந்து, சிறு குழாய்களில் பிரித்து உறைய வைத்தால் வேலை முடிந்துவிடும் என்றே எண்ணியிருந்தேன்.

கோவிட் எதிர்ப்பான்களுக்கான முதல் சர்வதேசத் தரப்பொருளை (20/136) உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஏற்றது. அது நோயிலிருந்து மீண்ட 11 பேரின் பிளாஸ்மாவைக் கலந்து, உறையவைத்து உலர்த்திய பொருள். ஓர் ஆம்பூலில் (மூடிய கண்ணாடிக் குப்பியில்) 250 அலகுகள் உள்ளன, 0.25 மி.லி. நீரில் கரைத்தால் மி.லி.க்கு 1000 அலகுகள் என்றாகும். அன்றாடச் சோதனைக்கு அதைச் செலவழிக்க முடியாது. ஆகவே அதனுடன் ஒப்பிட்டு மதிப்பிடப்பட்ட இரண்டாம் நிலைத் தரப்பொருளை பல ஆய்வகங்கள் தாமே தயாரித்துக்கொள்கின்றன.

கொடையாளர்களின் ஒப்புதல், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி சோதனைகள் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. உறைந்த பிளாஸ்மாவை உருக்கியபோது வெண்ணிற ஃபைப்ரின் (இரத்தம் கட்ட உதவும் புரதம்) இழைகள் மிதந்தன. அவற்றை விட்டுவைத்தால் பிப்பெட் நுனி அடைத்துக்கொண்டு அளவு பிசகும் என்பதால், கால்சியம் குளோரைடு சேர்த்து இரத்தம் கட்டுவதுபோல் முழுவதுமாகக் கட்டியாகச் செய்து, மையவிலக்கில் சுற்றி, தெளிந்த சீரத்தை மட்டும் எடுத்தோம்.

உண்மையான தடுமாற்றம் அதற்குப் பிறகுதான். முதல் கலவையின் நீர்த்தல் வளைகோட்டை (படிப்படியாக நீர்க்கும்போது அளவீடு குறைவதைக் காட்டும் கோடு) சர்வதேசத் தரப்பொருளின் வளைகோட்டோடு ஒரே சோதனைத் தட்டில் வைத்துப் பார்த்தபோது இரண்டும் இணையாக ஓடவில்லை. எங்கள் கோடு செங்குத்தாக இறங்கி, நடுவில் மற்றதை வெட்டியது. இணையாக இல்லாத கோடுகளிலிருந்து ஒரே எண்ணைப் பெற முடியாது. எந்த நீர்த்தலில் படிக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். பிப்பெட்டைச் சந்தேகித்தோம், தட்டுகளை மாற்றினோம், புதிய கரைசல்கள் தயாரித்தோம். கோடு அப்படியே இருந்தது. கடைசியில் கொடையாளர்களின் சீரங்களைத் தனித்தனியே ஓட்டிப் பார்த்ததில், அண்மையில் ஊக்கத் தவணை (பூஸ்டர்) பெற்ற இருவரின் எதிர்ப்பான்களே கலவையை ஆட்டிவைத்திருப்பது புலப்பட்டது. அவற்றின் பிணைப்பு வலிமை மற்றவற்றினின்று வேறுபட்டதே காரணம் என்று கருதுகிறேன். டைட்டர் மீது எனக்கிருந்த மோகம்தான் அந்த இருவரை அதிக அளவில் சேர்க்க வைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் கலவையில் நடுத்தர டைட்டர் உடையவர்களைக் கூடுதலாகவும், அவ்விருவரைச் சிறிதளவாகவும் சேர்த்தோம். வெவ்வேறு நாட்களில், இரு பணியாளர்கள் மாறி மாறி, மாதிரியின் அடையாளம் மறைக்கப்பட்ட நிலையில் தட்டுகளை ஓட்டினார்கள். இரு கோடுகளின் சாய்வுகளின் விகிதம் நாங்கள் முன்கூட்டியே வகுத்த 0.80–1.25 எல்லைக்குள் அமைந்த தட்டுகளில் கிடைத்த முடிவுகளின் பெருக்கல் சராசரியையே மதிப்பாக ஏற்றோம்.

பிறகு குழாய்களை மைனஸ் 80 டிகிரியில் வைத்து, சிலவற்றை மட்டும் 4 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைத்துச் சிதைவைக் கண்காணித்தோம். ஒருமுறை உருக்கிய குழாயை மீண்டும் உறைய வைப்பதில்லை. அடுத்த தொகுதி தயாராகும்போது பழையதோடு ஒப்பிட ஒரு பெட்டிக் குழாய்களைத் தனியே ஒதுக்கி, மூடியில் சிவப்பு மையால் ‘எடுக்காதீர்’ என்று எழுதியிருக்கிறேன்.