தருமபுரி வெயிலுக்கும் ஓசூர் குளிருக்கும் இஞ்சி

மண்ணில் சூடு ஏறாமல் இஞ்சி முளைக்காது. உச்சி வெயில் நேராக அடித்தால் இலை கருகும். ஓசூர் பக்கம் தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் மே மாதக் கோடைமழையோடு நடலாம். தருமபுரி, அரூர் பக்கம் பாசனம் இருந்தால் மார்ச் தொடக்கமே சரி. தென்னை நிழல் கிடைத்தால் ரொம்ப நல்லது.

விதைக்கிழங்கு 20 முதல் 25 கிராம், ஒரு முளைக்கண்ணாவது வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் மேன்கோசெப் (பூஞ்சைக்கொல்லி) கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஓரடி உயர மேட்டுப்பாத்தியில் 5 செ.மீ. ஆழம், முக்கால் அடி இடைவெளி. நட்ட கையோடு புங்கந்தழை மூடாக்கு.

தண்ணீர் தேங்கினால் அழுகல்தான். இலை நுனியிலிருந்து மஞ்சளாகும். தண்டைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், கிழங்கு கூழாகி நாறும். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்த வயல் கிழங்கை விதைக்கு எடுக்கவே கூடாது.